ஒடிந்த கிளை தெரியும் படம்

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. அந்தக் குளிர் நாட்டில் உன்னை ஒரு குறையும் இல்லாமல் மாசாணியம்மன் வைத்திருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். இந்தச் சுகம் என்ற சொல்லை உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், ஆனால் இந்தத் தடவை அது நிஜம், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, உன் அம்மா பொற்கொடி பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறாள். உன் சிநேகிதி அக்ஷிதா ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறாளாம், பருப்புப் பொடியோடு இதையும் அவள் பையில் வைத்து அனுப்புகிறேன். பாதி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

பொங்கலுக்கு வந்தபோது நம் ஊர் ஓடைப் பள்ளத்துத் தரைப்பாலத்தில் போன் வைக்க ஒரு இரும்புத் தாங்கியை அடித்து, தண்ணீருக்குள் கோடு போட்ட கம்பம் ஒன்றை நட்டுவிட்டுப் போனாயே. டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற நான் காலையில் போகும்போது தினமும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும், ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி எடுத்தால் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, வருடத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று படத்தை வைத்தே சொல்லிவிடலாம், உன் படிப்பே அதில்தான் இருக்கிறது என்றாய். பஞ்சாயத்து மோட்டார் போடுகிறவனுக்கு ஆராய்ச்சியில் ஒரு வேலை என்று மதுக்கரை வரைக்கும் பெருமை பேசித் திரிந்தேன். தை, மாசி, பங்குனி, ஒரு நாள் தவறவில்லை. சித்திரைக் கடைசியில் பெருங்காற்று அடித்து, படத்தில் இடது பக்கம் விழும் புங்க மரத்துக் கிளை ஒடிந்தது, அந்த வாரமே பள்ளமும் வற்றிப்போனது. வெறும் மணலும் பாலித்தீன் பையும் கிடந்தன. அதைப் படம் எடுப்பது எனக்கு இழவு வீட்டைப் படம் எடுக்கிற மாதிரி இருந்தது. பிள்ளை கண் முழித்ததும் இதையா பார்க்க வேண்டும் என்று நினைத்து, போனில் கிடந்த மாசி மாதத்துப் படங்களை நாளுக்கு ஒன்றாக அனுப்பிவிட்டேன், பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் நீ கூப்பிட்டு, ஏனுங்கப்பா, சித்திரையில ஒடிஞ்ச கிளை வைகாசியில மறுபடியும் ஒட்டிக்குமாங்க என்று கேட்டாய். நீ கத்துவாய் என்று பார்த்தேன், நீ கத்தவில்லை. காஞ்சு கெடக்கற படமும் எனக்கு வேணுங்கப்பா, அது இல்லீன்னா ஓடுன நாளுக்கே அர்த்தமில்லாமப் போயிருங்க என்றாய். பிறகுதான் கேட்டாய், அம்மா நல்லா இருக்குதுன்னு தெனமும் சொல்றீங்களே, அதும் பழைய படந்தானுங்களா என்று.

பழைய படந்தான் அம்மணி. மாசியிலிருந்தே அவளுக்கு நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைத்தது. அவள் வேலை பார்க்கும் மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ரெண்டு தரம் மயங்கி உட்கார்ந்துவிட்டாள், இது உனக்கு இன்னும் தெரியாது. பிள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க, படிப்ப உட்டுப்போட்டு ஓடியாந்துரும் என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அன்றைக்கு அந்தச் சத்தியத்தை மீறினேன். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்று நீ சொன்ன குரலுக்கு நான் மறுபேச்சுப் பேசவில்லை. பாலத்து முக்கில் பேக்கரி வைத்திருக்கும் ரசாக், கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, ஏறுங்கண்ணா, யோசிச்சுட்டு நிக்காதீங்க என்று தன் ஆம்னி வேனை எடுத்தார். உக்கடம் தாண்டும் வரைக்கும் உன் அம்மா, வாக்குத் தப்பிய மனுசன் என்று என்னை வைதுகொண்டே வந்தாள், அதற்கப்புறம் வைய மூச்சு இல்லை. இருதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னொரு வாரம் விட்டிருந்தாக் கஷ்டமுங்க என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு உன் புங்க மரக் கேள்விதான் காதில் கேட்டது. என் பொய்யை ஒரு கிளையை வைத்து நீ பிடிக்காமல் போயிருந்தால், இன்று அடுப்படியில் நின்று உப்புக் குறைந்த குழம்பைத் திட்டுவதற்கு அவள் இருந்திருக்க மாட்டாள். பெத்த புள்ளைக்கு ஆராச்சும் நன்றி சொல்லுவாங்களா என்று கேட்கிறாள். நான் சொல்லுவேன். நன்றி கண்ணு, ரொம்ப நன்றி.

ரசாக்குக்கும் உன் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் சொன்னால் டீயைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறார். அந்தப் பதினோரு தேதியையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகத் தண்ணீர் இல்லை என்று போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன், இதோடு இருக்கிறது. அன்றைக்குப் பிறகு காய்ந்த நாளையும் ஒன்றுவிடாமல் எடுத்து அனுப்பினேன், நீதான் பார்த்தாயே. மலையில் மழை பிடித்து, போன செவ்வாய்க்கிழமை பள்ளத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

போன வாரம் நல்லா இருக்கறேனுங்கப்பா என்று நீ சொன்னபோது உன் மூக்கு அடைத்திருந்தது. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல்லு, நீயும் எனக்குப் பழைய படம் அனுப்பாதே. வேளைக்குச் சாப்பிடு. எடுத்த படிப்பை நல்லபடியாக முடித்து மகராசியாக இரு, இது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லும் ஆசி.

இன்று காலையில் எடுத்த படத்தைப் பிரின்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். படத்தில் ஆள் நிற்கக் கூடாது என்பது உன் சட்டம், ஆனால் நானும் வருவேன் என்று பாலம் வரைக்கும் தானே நடந்து வந்து, கம்பத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கிறாள் உன் அம்மா. தண்ணீர் முதல் கோட்டைத் தொடுகிறது. சந்தேகம் இருந்தால் இடது பக்கம் புங்க மரத்தைப் பார் கண்ணு, கிளை ஒடிந்த இடம் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வேலன்