துரைமார் சுட்ட பாட்டில்

கட்டபெட்டு
8 ஜனவரி 2024

அன்பு மகன் டக்ளஸுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். உன் கடிதத்தில் தேதி இல்லை. எங்கள் கான்வென்டாக இருந்தால் சிஸ்டர் படிக்காமலே திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

நம் வீட்டு முன்கூடத்தை மறுபடியும் மதுக்கூடமாக்கப் போகிறாய், வருகிறவர்களுக்குச் சொல்ல வரலாறு வேண்டும் என்கிறாய். எழுதுகிறேன். உன் தாத்தா இந்த வீட்டை வாங்குவதற்கு முன், சனிக்கிழமைதோறும் தோட்டத்துத் துரைமார் இங்கே குடித்தார்கள். போதை ஏறியதும் ஒரு தொழிலாளியைக் கதவருகே நிறுத்தி, தலையில் காலிப் பாட்டிலை வைத்துச் சுடுவார்கள். மாரப்பன் நின்ற அன்று குறி தாழ்ந்தது. நெற்றி பிளந்து வாசற்படியில் விழுந்தான். கிளாஸில் இருந்ததைக் குடித்து முடித்த பிறகுதான் துரைமார் எழுந்தார்கள்.

பின்கட்டில் குடியிருக்கும் நம் தெய்வம்மா, அவன் பேத்தியின் மகள். இதைச் சொல்லி விருந்து வைப்பாயா?

அம்மா


மெல்போர்ன்
29 ஜனவரி 2024

அன்புள்ள அம்மா,

தேதி போட்டுவிட்டேன், திருப்திதானே?

மாரப்பன் கதை பிரமாதம். கதவருகே ஒரு பொம்மை, அதன் தலையில் பாட்டில். வருகிறவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியால் சுடலாம். கூட்டம் அள்ளும்!

சமையலறைக்குப் பின்கட்டு வேண்டும். பிப்ரவரி 15 அன்று காண்ட்ராக்டர் பாண்டியராஜ் ஆட்களோடு வந்து இடிப்பார். தெய்வம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குளிருக்கு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் டக்ளஸ்


கட்டபெட்டு
16 பிப்ரவரி 2024

டக்ளஸுக்கு,

நேற்று பாண்டியராஜ் வந்தான். காலையிலேயே குடித்திருந்தான். தெய்வம்மா பின்கட்டுக் கதவை மறித்து நின்றாள்.

"நகரு கிழவி."

"இது அம்மா ஊடுங்க. அம்மா சொல்லட்டும், போறேன்."

கையிலிருந்த பாட்டிலால் அவள் மண்டையில் அடித்தான். கண்ணாடிச் சில்லு காதுக்கு மேலே குத்தி நின்றது. அவள் விழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

உன் அப்பாவின் கைத்தடியால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதாக இல்லை.

தெய்வம்மாவை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பாண்டியராஜ் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்; ஆட்கள் சம்மட்டியோடு விழித்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவர் கேட்டார்: "ஏனுங்க பெரியம்மா, ஊடு யாரு பேர்லீங்க?"

"என் பேரில்."

"அப்ப எதைங்க இடிக்கோணும்?"

"முன்கூடத்தை. முதலில் அந்த வாசற்படியை."

"உங்க ரூமும் கூடப் போயிருமுங்க."

"போகட்டும்."

நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மாலைக்குள் கூரை இறங்கியது. இன்று சுவர்களும் போயின.

தெய்வம்மா தையலோடு திரும்பிவிட்டாள். பின்கட்டில் எனக்கும் ஒரு கட்டில் போட்டிருக்கிறாள். நீ வந்தால் தங்க இங்கே இடமில்லை.

ஸ்வெட்டர் வந்தது. அவளுக்குச் சரியாக இருக்கிறது.

திருமதி ரெஜினா லூர்துசாமி