இரண்டாவது தொழிற்சாலை

8.3.82 திங்கள்

காற்றில்லை. எனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். கொழும்புக் கம்பனி என் மின்பலகையைத் தள்ளிவிட்டது. தாங்கள் கட்டப்போகும் கொம்பியூட்டருக்கு வேண்டும் என்று அவர்களே கேட்ட பலகை. எட்டு மாத வேலை. பட்டதாரி ஒருவனும் ஒன்று செய்திருந்தான். அதிலுள்ள புரொசெசர் மந்தம். என்னுடையது அதே கணக்கைப் பாதி நேரத்தில் முடித்தது. அவர்களே மணிக்கூடு வைத்துப் பார்த்தார்கள். எடுத்தது அவனுடையதை.

எனக்குப் பட்டம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுக வேலைத்தலம், தபாலில் எடுத்த புத்தகங்கள், அவ்வளவுதான். பலகையின் மூலையில் என் முதலெழுத்துகளைப் பொறித்திருந்தேன். ஒவ்வொரு மெசினுக்குள்ளும் போயிருக்கும்.

கடிதத்தில் காரணம்: "வழங்குநர் தொடர்பானது". விளங்கவில்லை. அவர்கள் வேலை செய்யும் கந்தோர்ச் சுவரில் ஒரு கலண்டர். மற்றப் புரொசெசரை விற்கும் ஏஜென்ட் கொடுத்தது. அன்றைக்கே கவனித்தேன். சும்மா கொடுப்பானா?

அரிசி முடிகிறது.

10.3.82 புதன்

வெக்கை. கம்பனி எஞ்சினியர் ரவீந்திரன் என் றேடியோ திருத்தும் கடைக்கு வந்தார். துறைமுகத்தில் வேறு வேலையாம். நம்பவில்லை. பலகையைத் திருப்பித் தந்தார். ஆணி நான்கும் இருக்கின்றன. படி எடுத்திருப்பார்களோ?

"ஐயா, உங்கட பலகைதான் திறம். அதில கதையில்லை."

"பிறகேன் தள்ளினீங்கள்?"

"உங்கட புரொசெசரைச் செய்யிறது உலகத்தில ஒரேயொரு தொழிற்சாலை. அங்க வேலைநிறுத்தம் எண்டால், நெருப்புப் பிடிச்சால், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேணும். மற்றதை மூண்டு கம்பனி செய்யுது. ஒருத்தனிட்ட இல்லாட்டி மற்றவனிட்ட வாங்கலாம்."

"கலண்டர் ஆர் தந்தது?"

சிரித்தார். "அதையும் பாத்தனீங்களோ? உங்கட ஏஜென்டும் தந்தவன். அது தேத்தண்ணி போடுற குசினியில தொங்குது."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். ஏன் பாதியில்?

11.3.82 வியாழன்

கிண்ணியாவிலிருந்து சாலி. அவனுடைய வள்ளத்து றேடியோ வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தேன். பழுதான பாகம் ஒரே கம்பனி செய்வது. ஏலாது என்றேன். அவனாவது நியாயம் சொல்லட்டும் என்று கொழும்புக் கதை முழுவதையும் சொன்னேன். றேடியோவைத் துணியில் சுற்றியபடியே வாசலில் தொங்கும் அறிவித்தலைக் காட்டினான்.

"பாஸ், அந்த போர்ட் ஆர் எழுதின?"

நான்தான். இறக்குமதி நின்ற காலத்தில் புல்மோட்டைக்காரர் ஒருவரின் றேடியோ ஒரு பாகத்துக்காக மூன்று வருடம் என் தட்டில் கிடந்தது. அதன் பிறகு எழுதினேன்: "ஒரே கம்பனியில் மட்டும் கிடைக்கும் பாகம் உள்ள றேடியோ திருத்தப்பட மாட்டாது."

"கொழும்பாரும் இதத்தானே செல்லியிருக்காங்க. அந்த மனிசன் உங்கட போர்ட்ட வாசிச்சிட்டுத்தான் தேத்தண்ணிய வெச்சிட்டுப் போயிருப்பார்."

"றேடியோ வேற, கொம்பியூட்டர் வேற."

"ஓம் ஓம். றேடியோ என்ட, கொம்பியூட்டர் உங்கட."

போய்விட்டான்.

13.3.82 சனி

நேற்றுக் கடை திறக்கவில்லை. முதுகு நோவு. இன்று போர்ட்டைத் துடைத்தேன். எழுத்து இன்னும் தெளிவு.

செய்ய வேண்டியவை:

நான்: என் புரொசெசரைச் செய்யும் தொழிற்சாலைக்குக் கடிதம். வரைபடத்தை இன்னொரு தொழிற்சாலைக்கும் கொடுக்கச் சொல்லி.

ரவீந்திரன்: என் பலகைதான் திறம் என்று வாயால் சொன்னதை எழுத்தில் தர வேண்டும். கையெழுத்துடன்.

கொழும்பில் இருக்கும் மருமகன்: அந்தக் குசினியில் கலண்டர் தொங்குகிறதா, நேரில் பார்க்க வேண்டும்.

சாலி: றேடியோவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வேறு பாகம் வைத்துப் பார்க்கலாம். போர்ட்டைப் பற்றிக் கதைக்கக் கூடாது.