வீட்டுக்குள் காய்ச்சிய சாயம்

அன்புள்ள அக்காவுக்கு,

என் வீட்டுக்காரர் அனுப்பிய மஞ்சள் நூல் போட்டோவைப் பார்த்துவிட்டு, "கொடுத்துவச்சவடி நீ" என்று எழுதியிருந்தாயாம். அவர்தான் படித்துக் காட்டினார். ஆடியிலிருந்து என் போன் அவரிடம்தான் இருக்கிறது.

சாயம் வாங்கத் திண்டிவனம் கடைத்தெருவுக்குப் போய்வரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "தோட்டத்துல இத்தினி பூ இருக்குது, உனக்கு இன்னாத்துக்கு கடை?" என்று சொல்லி, வெளிக்கேட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதனால்தான் சாமந்தியைக் கொதிக்க வைத்தேன். அவர் சவரத்துக்கு வைத்திருந்த படிகாரத்தைக் கரைத்து, நூலை அதில் ஊறவைத்துப் பூச்சாற்றில் போட்டேன். நிறம் நன்றாகவே பிடித்தது. தேக்கின் கொழுந்திலையில் சிவப்பும் வந்தது. அன்றெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நேற்று விழுப்புரத்திலிருந்து மகளிர் குழுப் பெண்கள் வந்து, தங்களுக்குக் கற்றுத்தர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள், "அவளுக்கு வெளியில வர்றதே புடிக்காதுங்க" என்று இவர் சிரித்தார். அவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் சாமந்திச் செடிகளையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு முனியம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்து, "அழுதுக்கினு நிக்காத கண்ணு. ஒங்கக்காவுக்கு எழுதிக் குடு, நான் போஸ்ட் பண்றேன்" என்றாள்.

போன் செய்யாதே அக்கா. அண்ணனோடு நேரில் வா. "எங்கூட வர்றியா?" என்று என்னைப் பார்த்துக் கேள். அவர் முந்திக்கொண்டு பதில் சொன்னாலும், நான் சொல்லும்வரை அங்கேயே நில்.

உன் தங்கை