கட்டில் எந்தப் பக்கம்

மார்ச் 4
இன்றைக்கும் சலவைக்கூடத்தில் பாதி நாள் லீவு. சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். மகள் மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்ததை விசாரிக்கக் கூப்பிட்டால் போகாமல் எப்படி? அவளாகக் குதித்தாள் என்கிறான் அவள் புருஷன். அவன்தான் தள்ளினான் என்கிறேன் நான். இதில் மனநல நிபுணர் எதற்கு? சோதித்தால் அவன் மனசைச் சோதிக்கட்டுமே. அந்த மேடம் செத்தவள் மனசைச் சோதிக்கிறார். நல்லாத் தூங்குவாளா, கடைசியா எதுக்குச் சிரிச்சா... எரிச்சலாக வந்தது.

"என் பொண்ணு என்ன குத்தவாளியா மேடம்?"

"இல்லம்மா. அவங்க வந்து சொல்ல முடியாதுல்ல? அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு உங்ககிட்டதான் கேக்கணும். அதை நான் கோர்ட்ல சொல்லணும்."

மார்ச் 5
தூக்கமே இல்லை.

மார்ச் 11
அதே அறை. அதே கால் ஆடும் நாற்காலி. புருஷன் பொண்டாட்டி எப்படி இருந்தார்கள் என்றார். "நல்லாத்தான் இருந்தாங்க" என்றேன். என் அண்ணன் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். அழுவாளா? "அழவே மாட்டா."

மேடம் பேனாவை மூடினார். "நல்லா இருந்திருந்தா அவர் ஏம்மா தள்ளணும்?"

எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 12
அண்ணன் வந்தார். அவள் புருஷனை விட்டு என்னிடம் வர இருந்ததைப் பற்றி மூச்சுவிடக் கூடாதாம். "செத்தவளுக்கு வாழாவெட்டின்னு பேரு வாங்கித் தரப் போறியா?"

அந்தப் பேரை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணப் போறா அண்ணே? - கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். சீ!

மார்ச் 19
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன வருஷம் என் மடியில் விழுந்து, "செத்துடலாம் போலிருக்கும்மா" என்று அழுததையும்தான். சொல்லும்போதே நினைத்தேன்: அவனுக்குச் சாதகமாகப் போய்விடுமே!

"அதுக்கப்புறம்?" என்றார் மேடம்.

அதுக்கப்புறம் வேலை தேடினாள். பேக்கரியில் கிடைத்தது. சாவதற்கு முந்தின வாரம் வந்து, தான் தங்குவதற்கு என் உள்ளறையை ஒழித்துவைத்தாள். கட்டிலுக்காக என்னோடு சண்டை. அவளுக்கு ஜன்னலோரம் வேண்டும்.

"முகத்துல வெயிலடிக்கும்டி."

"அடிக்கட்டும்மா. அப்பதான் வேலைக்கு எந்திரிப்பேன்."

நான் விடவில்லை. சுவரோரம்தான் போட்டேன். அந்தச் சண்டையை மேடம் திரும்பவும் சொல்லச் சொன்னார். கட்டில் சண்டையில் என்ன இருக்கிறதோ!

ஏப்ரல் 2
அண்ணன் பேசுவதில்லை. போகட்டும்.

ஜூன் 17
கோர்ட்டு. "சாகணும்னு சொன்னவங்கதானே?" என்று அவன் வக்கீல் துள்ளினார். மேடம் அசரவில்லை. "சொன்னாங்க. அப்புறம் வேலை தேடிக்கிட்டாங்க. கட்டில் எந்தப் பக்கம்னு அம்மாகிட்ட சண்டை போட்டாங்க. அவங்க சாகிற முடிவுல இருந்ததா எனக்குத் தோணல. ஆனா தள்ளினாங்களா, யார் தள்ளினதுன்னு சொல்றது என் வேலை இல்ல."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அதையும் சேர்த்துச் சொன்னால் வாய் வலிக்குமா?

டிசம்பர் 8
தற்கொலை இல்லை, அவன்தான் தள்ளினான் என்று தீர்ப்பு. "விடு, அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று மாடியில் அவள் கத்தியதை எதிர்வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அதையும் மேடம் சொன்னதையும் சேர்த்து வாசித்தார் ஜட்ஜ். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். ஒற்றை ஆளாக, மூச்சு வாங்க.

டிசம்பர் 9
முகத்தில் சுள்ளென்று வெயில். சொன்னேனே, கேட்டாளா?

எழுந்து வேலைக்குப் போனேன்.