கருகல் உருளைக்கிழங்கு செய்யும் விதம்

என் கடைக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் மருமகளும் குட்டிப்பெண்ணும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது, அக்கா புது வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறாள், கண் சரியாகத் தெரியாததால் கடிகாரக் கடையை மூடிய அப்பா இப்போது வீட்டில் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறார். போன மாதம் நீ போனில் ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன் இல்லையா, அதற்குத்தான் இந்தக் கடிதம். சனிக்கிழமை மருமகளுக்கு வேலை முடிய நேரமாகிறது, அம்மா வருகிற வரை குட்டிப்பெண் ஒரு வாய் வாங்கமாட்டேன் என்று அழுகிறாள், அப்பா நமக்குச் செய்து தருவாரே அந்தக் கருகல் உருளைக்கிழங்கு, அதைக் கொடுத்துப் பார்க்கிறேன், எப்படிச் செய்வது என்று கேட்டாய். உண்மையைச் சொன்னால் என்ன, எனக்குச் சுருக்கென்றது. தொழிற்சாலை கேண்டீனில் இருபத்திரண்டு வருடம் நானூறு பேருக்குச் சமைத்துப் போட்டவள் நான். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று வந்து நிற்பார்கள். வீட்டிலும் வாரத்தில் ஆறு நாள் என் சமையல்தான். சனிக்கிழமை மட்டும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, ஸ்டோர் ரூமைச் சரிபார்த்துவிட்டு ஆறரை மணி பஸ்ஸில் வருவேன், அன்றைக்கு மட்டும் அப்பா சமையல். ஆறு நாள் போட்டதெல்லாம் எங்கே போயிற்றோ, பெற்ற பிள்ளையின் நாக்கில் நிற்பது அவர் அடிப்பிடிக்க விட்ட உருளைக்கிழங்கு!

அப்பாவிடம் சொன்னேன், அவ்வளவுதான், கையில் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா, பையன் என்னோடதைத்தான் கேக்கறான்" என்று அக்காவுக்குப் போன், மாப்பிள்ளைக்குப் போன். அடுத்த சனிக்கிழமையே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டார். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, உனக்கு எழுதி அனுப்ப நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். துண்டுகளெல்லாம் அளந்து வைத்த மாதிரி ஒரே கனம், கடிகாரத்தில் பழகிய கையல்லவா. ஆனால் வந்தது என்னவோ பொன்னிறமாக, யார் வீட்டிலும் கிடைக்கிற மாதிரி. மறுவாரம் தீயைக் கூட்டினார், வெளியே கரி, உள்ளே பச்சை. அதற்கடுத்த வாரம் பரணிலிருந்து பழைய இரும்புச் சட்டியை இறக்கித் தேய்த்துக் கொடுத்தேன், அதிலும் நடக்கவில்லை. ஊரார் கடிகாரங்களை நொடி பிசகாமல் ஓடவைத்த மனுஷனுக்குத் தன் உருளைக்கிழங்கு எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கண்ணு போச்சு, இப்ப கையும் மறந்துபோச்சு போல" என்று துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் பொறாமையெல்லாம் போன இடம் தெரியவில்லை, எப்பாடுபட்டாவது இதைக் கருக்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

நாலாவது வாரம் அப்பாவைக் கெஞ்சி மறுபடி சட்டியை வைக்கச்சொல்லி, அக்காவையும் மாப்பிள்ளையையும் வரச்சொன்னேன், உங்கள் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்தாளே எதிர்வீட்டுத் தையல்காரி, அவளையும் கூப்பிட்டேன். நாலு நாக்கு சேர்ந்தால் என்ன குறை என்று தெரியும் அல்லவா. எல்லோரும் தின்று பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று இழுத்தார்கள். தையல்காரி மட்டும் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தா அது எப்படிக் கருகும்? என் மெஷின் ஜன்னலோரம்தானே, நான்தான் வாராவாரம் பாப்பேனே. ஆறு மணி ஆச்சுன்னா அண்ணன் சட்டியை அடுப்புல வச்சுட்டு முன்னறை ஜன்னலுக்கு வந்துருவாரு, பஸ் திரும்பற முனையையே பாத்துட்டு நிப்பாரு. புகை தெரிஞ்சா நான் இங்கேருந்து அண்ணே அடுப்பு, அண்ணே அடுப்புன்னு கத்துவேன். ஓடிப்போய் ஒரு கிளறு கிளறிட்டு மறுபடி வந்து நின்னுக்குவாரு" என்றாள். அப்பா காத்தாட நிக்கறார்னுல்ல நானும் தம்பியும் நினைச்சோம் என்றாள் அக்கா. அப்பா தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டு, "சில நாள் பஸ் லேட்டாகுமில்ல, அதான்" என்றார். நிமிரவே இல்லை.

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இத்தனை வருடமும் சனிக்கிழமை பையைக்கூடக் கீழே வைக்காமல், வாசலிலேயே நான் கேட்ட முதல் வார்த்தை என்ன என்று உனக்கே நினைவிருக்கும். "இன்னிக்கும் கருக்கிட்டீங்களா?" அவர் எனக்கும் ஒரு தட்டு வைப்பார், அவ்வளவுதான்.

நேற்றுச் சனிக்கிழமை மத்தியானமே அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். வேண்டுமென்றே அந்த ஆறரை மணி பஸ்ஸில் திரும்பினேன். முனை திரும்பும்போது தலையை நீட்டிப் பார்த்தேன், ஜன்னலில் அவர், இடுப்பில் துண்டு. மாடிப்படி ஏறும்போதே தீய்ந்த வாசனை. நான் ஒன்றும் கேட்கவில்லை, பசிக்குது, போடுங்க என்றேன். இருவரும் சட்டியைச் சுரண்டிச் சுரண்டித் தின்றோம். அதே ருசி. நீ கேட்டதில் தப்பே இல்லை.

ஆகவே செய்முறை இதுதான். உப்பும் எண்ணெயும் உன் இஷ்டம், துண்டு மட்டும் ஒரே கனமாக இருக்கட்டும். சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுக் குட்டிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போ. தெருமுனையைக் காட்டு. புகை வந்தால் ஓடிப்போய் ஒரு கிளறு கிளறிவிட்டுத் திரும்பி வந்து நில். எதிர்வீட்டிலிருந்து கத்த உனக்கு ஆள் இல்லை, அதனால் தீயைக் குறைத்தே வை. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், குழந்தை கேட்டு வாங்கித் தின்னும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். காதை மூடாமல் குளிரில் வெளியே போகாதே. மருமகளிடம் மறக்காமல் ஒன்று சொல், உள்ளே வந்ததும் கருகிவிட்டதா என்று மட்டும் கேட்க வேண்டாம். அதை அவள் பங்குக்கும் சேர்த்து இருபத்திரண்டு வருடம் நானே கேட்டுவிட்டேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா