சோப்புத் தண்ணீர் போட்ட கோடு

செஞ்சி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

இந்தக் கவரில் உன் எம்.எஸ்ஸி. சான்றிதழ் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, பிறகு இதைப் படி.

அது தொலையவில்லை. நீ மூன்று முறை கேட்டபோதும் பீரோவில் உன் பட்டுப்புடவைக்கு அடியில்தான் இருந்தது. அதைக் கொடுத்தால் இன்னும் இரண்டு வருஷம் புனேயிலேயே வேலை என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். நான் புடவையை அப்படியே மேலே வைத்து மூடிவிட்டு, காணவில்லை என்று சொன்னேன். இதைப் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

காரணம் குரு. புனே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில், உன்னோடு வேலை செய்யும் அவரை ‘குரு சார்’ என்பாய். பொங்கலுக்கு வந்தபோது வெறும் ‘குரு’ ஆகிவிட்டார். நீ அனுப்பிய வீடியோவில், சின்னச் சின்னச் சந்துகளுள்ள புதிர்ப்பாதைக்குள் ஓர் எண்ணெய்த் துளி, அமிலம் வைத்த முனையை நோக்கி நகர்ந்து, முட்டுச்சந்தில் சிக்காமல் வெளியே வருகிறது. பின்னால் உன் சிரிப்பும் அவர் சிரிப்பும் கேட்கிறது. புதிரை விடுவித்தால் அது அறிவுதானே என்று குரு கேட்டாராம். நீயும் ஆமாம் என்றாயாம். அந்தத் துளியைச் ‘செல்லம்’ என்கிறாய்.

நான் அதைப் பதினைந்து தடவை பார்த்தேன். பதினோரு வருஷமாகக் கொல்லைக்குக் கொல்லை சொட்டுநீர்க் குழாய் பதிக்கிறேன். என் வேலையைப் பார்த்து ஒரு நாளாவது நீ அப்படிச் சிரித்ததுண்டா? ஒரு துளி எண்ணெய்மேல் வயிறு எரிகிற ஆளாகிவிட்டேன், ஜெயஸ்ரீ.

குரு சொன்னது தப்பு என்று காட்டியே தீர வேண்டும் என்றிருந்தது. தளவானூரில் ராஜாங்கம் என்பவர் கொல்லையில் அப்போது வேலை. நூற்றிருபது மீட்டர் நீளம், எண்பது அகலம். நான்கு மூலையிலும் உள்ள வால்வுகளை ஒன்றாக இணைக்க வேண்டும். மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி கோடு போட்டு, இதைவிடக் குறைந்த குழாயில் யாராலும் முடியாது என்று அவரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். புள்ளிகளை இணைக்கும் மிகக் குறைந்த வழியைச் சோப்புப் படலம் தானாகவே கண்டுபிடிக்கும் என்று நீ ஒரு தடவை சொன்னாயே, அந்தச் சோதனையை அவர் எதிரிலேயே செய்தேன். இரண்டு அக்ரிலிக் தகடு. நடுவில் கொல்லையின் அளவைச் சுருக்கி நான்கு ஸ்க்ரூ. சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். அது தோற்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

கண்மூடித் திறப்பதற்குள் படலம் தானாக நகர்ந்து நின்றது. பெருக்கல் குறி இல்லை. நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு; அதன் இரண்டு முனையும் கவட்டை போலப் பிரிந்து மூலைகளுக்குப் போனது. அளந்து கணக்குப் போட்டேன். என் கோட்டைவிட முப்பது மீட்டர் குறைவு. ஆறு மீட்டர் குழாயில் ஐந்து மிச்சம்.

“இன்னாப்பா வளவா, சோப்புத் தண்ணிக்கு இருக்கிற மூளைகூட உனுக்கு இல்லியே!” என்று ராஜாங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். குருவே பக்கத்தில் நின்று சிரித்த மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்ப முக்கினேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை, நடுக்கோடு குறுக்குவாக்கில் நின்றது. அளந்தால் கிட்டத்தட்ட என் பெருக்கல் குறியின் நீளமே வந்தது. தோற்றுவிட்டது! தனியாக நின்று கைதட்டினேன். ஆனால் படலம் அப்படியே இருந்தது. இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரியவில்லை. நான்கு பக்க இழுப்பும் சமமானதும் நின்றுவிட்டது. லேசாக ஊதினேன். சட்டென்று பழைய குறைந்த வழிக்கு மாறியது.

இதை வைத்து குருவை மடக்கிவிடலாம் என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். அது யோசிக்கவில்லை சார், இழுத்த பக்கம் போய் நிற்கிறது, அவ்வளவுதான் என்று. முதல் வரியைக்கூட முடிக்க முடியவில்லை. நானும் ஒரு மாதமாக இழுத்த பக்கம் போய்த்தானே நிற்கிறேன்? அந்தப் படலத்துக்குத் தான் நிற்பது தப்பான இடம் என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நகராமல் இருந்தால் எனக்கு இருப்பதை அறிவு என்று யார் சொல்வார்கள்? எழுந்து போய் பீரோவைத் திறந்தேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதமாட்டேன். இதை எழுதும்போதும் இருக்கிறது.

ராஜாங்கம் கொல்லையில் சோப்பு போட்ட கோட்டிலேயே குழாய் பதித்துவிட்டேன். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்றேன். நாளை அமாவாசை, மேல்மலையனூர் போகிற கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நகர முடியாது. அதனால் இன்றே கூரியரில் போடுகிறேன். நீ சொன்ன கெடு மாதக் கடைசிதானே, அதற்குள் உன் கைக்கு வந்துவிடும். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலாம். “ஜெயஸ்ரீ எப்ப வருதாம்?” என்று நேற்று கேட்டது. இரண்டு வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். நினைத்ததை எல்லாம் நன்றாகச் செய்து முடி. இதைப் படித்ததும் என்னைத் திட்டத் தோன்றும். மெசேஜில் மட்டும் எழுதாதே. கூப்பிட்டே திட்டு. உன் குரலைக் கேட்டுப் பதினாறு நாள் ஆகிறது.

உன்,
வளவன்