செல்வி கேட்ட கேள்வி

ஏப்ரல் 2016, செவ்வாய் இரவு

வேட்பாளர் எங்களுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது செல்வி என்ற பெண் குறுக்கே வந்து கேட்டாள். "மைன்ஸுக்கு நெலத்தக் குடுத்துட்டு எம் புருஷன் இன்னும் கான்ட்ராக்ட்லயே வேல பாத்துகினு கெடக்குறாரு. எப்பங்க பர்மனென்ட் ஆக்குவீங்க?" அவர் சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

பிறகு டீக்கடையில் நிருபர்கள் நாங்கள் எந்தச் சாதி ஓட்டு யாருக்கு என்று அலசினோம். செல்வி கேட்டதை எழுதலாமே என்றேன்.

"பழைய கதைப்பா. எவன் படிப்பான்?" என்றார் மூத்த நிருபர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சாதிக் கணக்கைத்தான் அனுப்பினேன்.

பஸ் ஸ்டாண்டில் செல்வி என்னைப் பார்த்துவிட்டாள். "நான் கேட்டது பேப்பர்ல வருங்களா?"

"நாளைக்கு வரும்."

அந்த வேட்பாளராவது பதில் சொல்லாமல் போனார். நான் வாய்கூசாமல் பொய் சொன்னேன். காலையில் அவள் காசு கொடுத்துப் பேப்பர் வாங்குவாள்.